மூணாறுல ஏறின குதிரைய வாட்டர்கலர்ல வரையுறது எப்படி

மூணாறு டூர் போனவங்கள்ல பாதி பேரு மாட்டுப்பட்டி ரோட்டுப் பக்கம் குதிரை சவாரி போயிருப்பீங்க. வீட்டுக்கு வந்து அத வரையலாம்னு உக்காந்தா கை தானா ஹால்ல மாட்டுற ஏழு குதிரை படத்துக்குத்தான் போகும், பிடரி பறக்க நாலுகால் பாய்ச்சல்ல. தயவுசெஞ்சு அத விட்ருங்க. உங்கள சுமந்தது தேயிலைத் தோட்டத்து ஓரமா தலைய தொங்கப்போட்டு நடந்த குதிரை, கால் குட்டை, வயிறு கொஞ்சம் உருண்டு, குளம்பெல்லாம் சேறு. அதத்தான் வரையணும், அதுதான் உங்க குதிரை.

மொதல்ல போட்டோ. மூஞ்சிக்கு நேரா கிட்டக்க ஃபோன வச்சு எடுத்தா மூக்கு பெருசாவும் உடம்பு சின்னதாவும் வரும், அதப் பாத்து வரைஞ்சா அந்தக் கோணல் அப்படியே பேப்பர்லயும் வந்துரும். பத்துப் பன்னெண்டு அடி தள்ளிப் போயி, குதிரையோட தோள் உயரத்துக்கு ஃபோன இறக்கி, லேசா ஜூம் பண்ணி சைடுலருந்து எடுங்க. குதிரைக்கார அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க, அந்தப் பக்கம் தமிழ்லயே பேசலாம், குதிரை பேரையும் கேட்டு வச்சுக்கிட்டா படத்துக்கு அடில எழுதலாம். கண்ணு, குளம்பு, சேணத்துக்கு கீழ விரிச்ச கம்பளி எல்லாம் தனித்தனியா ஒண்ணு எடுத்துக்கங்க.

ஸ்கெட்ச்சுக்கு தலையோட நீளம்தான் அளவுகோல். தரையிலருந்து பிடரி முடியுற மேடு வரைக்கும் சுமார் ரெண்டரை தலை, நெஞ்சுலருந்து பின்பக்கம் வரைக்கும் அதே ரெண்டரை, அதாவது ஒரு சதுரத்துக்குள்ள அடங்கிரும். குட்டக் குதிரைன்னா உயரம் கொஞ்சம் குறையும், போட்டோல ஸ்கேல் வச்சு அளந்துக்கங்க.

கால்தான் எல்லாரும் திணறுற எடம், அங்க நேரம் செலவழிங்க. முன்னங்கால்ல நாம முட்டின்னு நினைக்கிறது நம்ம கை மணிக்கட்டுக்கு சமம், பின்னங்கால்ல பின்பக்கமா மடங்கி நிக்கிறது நம்ம குதிகாலுக்கு சமம், நெஜ முட்டி அதுக்கு மேல வயித்தோரமா இருக்கு. குதிரை நிக்கிறதே காலுக்கு ஒரு விரல் நுனியிலதான், குளம்பு அந்த விரலோட நகம். இது மனசுல இருந்தா எங்க மடக்கணும்னு குழப்பமே வராது. நடக்கும்போது இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால்னு வரிசையா எடுத்து வைக்கும், எப்பவும் ரெண்டு மூணு கால் தரையில இருக்கும். ஓடுற குதிரைய பெரிய ஓவியர்களே ரொம்ப காலம் முன்னங்கால் முன்னாடி, பின்னங்கால் பின்னாடி நீட்டி அந்தரத்துல பறக்குற மாதிரிதான் போட்டாங்க, 1878ல மைபிரிட்ஜ்ங்கிற போட்டோகிராபர் வரிசையா போட்டோ எடுத்துக் காட்டினப்புறம்தான் நாலு காலும் தரைய விட்டு எழும்புறப்ப வயித்துக்கு அடியில மடங்கி இருக்குன்னு தெரிஞ்சுது. அதனால ஞாபகத்துல வரையாதீங்க, போட்டோவப் பாருங்க.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தச் சொல்ற அளவு) எடுங்க, மெல்லிசுன்னா சுருண்டுரும். செவலைக் குதிரைக்கு மொதல்ல எல்லோ ஆக்கர்ங்கிற மண் மஞ்சள் தண்ணியா ஒரு பூச்சு, பின்தொடையிலயும் தோள்லயும் வெளிச்சம் படுற எடத்த வெள்ளையாவே விட்ருங்க. ஈரம் காயுறதுக்குள்ள பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு. அது காஞ்சப்புறம் பர்ன்ட் சியன்னாவோட அல்ட்ராமரைன் ப்ளூ கலந்து நிழல், ட்யூப்ல வர்ற கருப்பு வேண்டாம், குதிரை செத்துப்போன மாதிரி ஆயிரும். மழைக்காலத்துல காய லேட்டாகும், புறங்கையால தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா இன்னும் காயல. மேகமூட்டத்துல முதுகு மேல லேசா நீலம் தெரியும், வயித்துக்கு அடியில புல்லோட பச்சை ஏறியிருக்கும், அந்த ரெண்டையும் மெல்லிசா போட்டுப் பாருங்க, குதிரை அந்த மலையிலயே நிக்கும்!

கண்ண கருப்பு வட்டமா போடாதீங்க, கண் பாப்பா படுக்க வாக்குல நீளமா இருக்கும், மேல இமை நிழல், அதுக்குக் கீழ ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி போதும். பிடரிய ஒவ்வொரு முடியா இழுக்க வேண்டாம், மூணு நாலு கொத்தா போதும்.

பின்னாடி தேயிலைக்கு இலை இலையா வரையணும்னு இல்ல, சரிவோட வளைஞ்சு போற வரிசையும் நடுவுல நடைபாதையும் இருந்தா தேயிலைன்னு புரிஞ்சுரும். சாப் க்ரீன்ல கொஞ்சம் பர்ன்ட் சியன்னா கலந்தா பச்சை கண்ண உறுத்தாது. குளம்புக்கு அடியில நிழல் கட்டாயம், இல்லன்னா மிதக்கும். குதிரையப் பிடிக்கிற கயிறு கடைசில, மெல்லிசு பிரஷ்ல, கொஞ்சம் தொய்வா போடுங்க, நேர்கோடா விறைப்பா போட்டா குதிரை முரண்டு பிடிக்கிற மாதிரி ஆயிரும்.