மாவட்டத்துக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேண்டுமா? மனுவில் கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுவது எப்படி

போன மாதம் சொசைட்டியில் பால் ஊற்றப் போனபோது, கேனுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு கிடந்தது. நம் மாவட்டத்துக்கு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று மேலே எழுதி, கீழே நாற்பது ஐம்பது கையெழுத்து. "என்னடா யோசிக்கிற, நல்லதுதானே, போடு" என்றார் சித்தப்பா. நோட்டை ஆரம்பித்ததே அவர்தான்.

அவர் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஜெர்சி கிராஸ் மாடு கன்று போட முடியாமல் ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துவிட்டது. கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு எங்கள் ஊரோடு இன்னும் இரண்டு மருந்தகம் கூடுதல் பொறுப்பு, அன்றைக்கு அவர் இருந்தது எங்கோ நாற்பது கிலோமீட்டர் தள்ளி. விடிந்து அவர் வந்து மாட்டை உருட்டி முறுக்கெடுத்துக் காப்பாற்றினார், கன்று போய்விட்டது. அந்த ராத்திரிதான் அந்த நோட்டாக மாறிப் பால் கேன் பக்கத்தில் கிடந்தது.

ஆனால் கேள்வி வேறு. அன்றைக்கு இன்னொரு கல்லூரி இருந்திருந்தால் டாக்டர் வந்திருப்பாரா? இதை எப்படிச் சரிபார்ப்பது என்று நான் உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன். தமிழ்நாட்டை வைத்துப் போட்டிருக்கிறேன், வேறு மாநிலமாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் குறை என்ன என்று பிரியுங்கள். மாடு தீனி எடுக்கவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியா போடுகிறோம்? அதே மாதிரிதான். "டாக்டர் இல்லை" என்று ஊரில் சொல்வதற்குள் நாலு தனித்தனி நோய் ஒளிந்திருக்கிறது: பணியிடமே உருவாக்கவில்லை, பணியிடம் இருக்கிறது ஆள் போடவில்லை, ஆள் இருக்கிறார் ஆனால் மூன்று இடத்துக்கு ஒருவர், ஆளும் இருக்கிறார் ஆனால் ஸ்கேனும் ஆபரேஷன் வசதியும் இல்லை. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கலாம், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: "என் பையனுக்கு சீட் கிடைக்கவில்லை." அதுவும் நியாயமான குறைதான், ஆனால் அது மாட்டின் குறை இல்லை. இந்த ஐந்தில் கல்லூரி நேரடியாகத் தீர்ப்பது கடைசி ஒன்றை மட்டும், நாலாவதைக் கொஞ்சம்.

அப்புறம் கால்நடையை எண்ணுங்கள். 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடு ஏறத்தாழ 95 லட்சம், எருமை 5 லட்சம், செம்மறியாடு 45 லட்சம், வெள்ளாடு 99 லட்சம், கோழி 12 கோடி. இதை அப்படியே கூட்டக் கூடாது, ஒரு கோழிக்கும் ஒரு எருமைக்கும் டாக்டரின் நேரம் ஒன்றாகப் போகாது. மாடோ எருமையோ ஒன்று என்றால் ஒரு அலகு, பத்து ஆடு ஒரு அலகு, நூறு கோழி ஒரு அலகு என்று வைத்துக்கொண்டேன். மாடும் எருமையும் 100 லட்சம், ஆடு 14 லட்சம் சொச்சம், கோழி 12 லட்சம். மொத்தம் சுமார் 126 லட்சம் அலகு.

5,000 அலகுக்கு ஒரு கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும் என்று 1976-ல் தேசிய வேளாண் ஆணையம் சொன்னது, இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். வகுத்தால் சுமார் 2,500 பேர். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகள் தங்களுக்கென்று டாக்டர் வைத்திருக்கின்றன என்பதால் இது கொஞ்சம் குறையக்கூட வேண்டும், ஆனால் விட்டுவிடுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 2,500 பேர் வேண்டும் என்பது மொத்த இருப்பு, ஒவ்வொரு வருஷமும் வேண்டும் என்பதில்லை. ஒருவர் முப்பது வருஷம் வேலை பார்ப்பார் என்றால், ஓய்வு பெறுபவர்களின் இடத்தை நிரப்ப ஆண்டுக்கு 83 பேர் போதும். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதும் தினமும் எவ்வளவு ஊற வேண்டும் என்பதும் வேறு வேறு கணக்கு இல்லையா.

ஊற்று எவ்வளவு? சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கியது முதல் கல்லூரி. 1985-ல் நாமக்கல். 2012-ல் திருநெல்வேலியும் ஒரத்தநாடும். 2020-ல் ஒரே மூச்சில் மூன்று: சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. ஆக ஏழு, ஏழும் 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். இவற்றில் சேர்க்கை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 500-ஐத் தாண்டும்.

அந்த 5,000 என்பது பழைய கணக்கு, இப்போது கலப்பின மாடு அதிகம், மடிநோய், பால் காய்ச்சல், சினை பிடிக்காதது என்று டாக்டர் வேலை கூடிவிட்டது என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். சரி, பாதியாக்குங்கள், 2,500 அலகுக்கு ஒரு டாக்டர். அப்போதும் மொத்தம் 5,000 பேர், ஆண்டுக்கு 170 பேருக்குள். படித்து வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் சென்னை, கோவையில் நாய் பூனை கிளினிக், பால் நிறுவனம், கோழித்தீவன கம்பெனி, பேங்க் வேலை, வெளிநாடு என்று போய்விட்டாலும் மிச்சம் 250 பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இந்தப் படிப்பு ஐந்தரை வருஷம், அதில் ஒரு வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி. 2020-ல் திறந்த மூன்று கல்லூரிகளில் முதலில் சேர்ந்தவர்கள் படித்து முடித்து வெளியே வருகிற காலமே இப்போதுதான். அந்த ஊற்று கிணற்றுக்குள் விழுவதற்கு முன்பே எட்டாவது கிணறு வெட்டச் சொல்லி நோட்டு சுற்றுகிறோம். இன்றைக்கே அரசாணை வந்தாலும் இடம் பார்த்து, கட்டிடம் கட்டி, முதல் டாக்டர் வெளியே வர எட்டு வருஷமாவது ஆகும். அதுவரை நம் மாடு காத்திருக்குமா?

அடுத்த வேலைதான் முக்கியம், பணியிடத்தை எண்ணுவது. 2019 நவம்பரில் டி.என்.பி.எஸ்.சி. 1,141 கால்நடை உதவி மருத்துவர் (பெயரில்தான் உதவி, மருந்தகத்து டாக்டர் இவர்தான்) இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. ஒரே அறிவிப்பில் ஆயிரத்துக்கு மேல் என்றால், இடங்கள் வருஷக்கணக்காக நிரம்பாமல் குவிந்து கிடந்திருக்கின்றன என்று அர்த்தம். அப்போது நாலு கல்லூரி நடந்துகொண்டுதான் இருந்தது. பட்டதாரி இல்லாமல் காலி விழவில்லை, ஆள் எடுக்காமல் விழுந்தது.

உங்கள் மாவட்டத்துக்கு இதைப் பார்க்க வழி இருக்கிறது. ஒன்று, துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது வைப்பார்கள், நெட்டிலேயே தமிழில் கிடைக்கும். இன்னொன்று, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் டாக்டர் வருவதில்லை" என்று கேட்டால் வழவழ என்று ஒரு பதில் வரும், எண்ணாக வருகிற மாதிரி கேளுங்கள். மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட உதவி மருத்துவர் பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் காலி எத்தனை, கூடுதல் பொறுப்பில் ஓடும் மருந்தகங்கள் எவை, எந்தத் தேதியிலிருந்து, கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர் காலியிடம் எத்தனை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், மாட்டைப் பிடிக்கக்கூட ஆள் இல்லாமல் டாக்டர் தனியாக நிற்கிற மருந்தகங்களை நானே பார்த்திருக்கிறேன்.

1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வருகிற வண்டியையும் கணக்கில் எடுங்கள். ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு நடமாடும் மருத்துவ ஊர்தி என்பது மத்திய அரசுத் திட்டத்தின் அளவுகோல். வண்டிக்கு ஒரு டாக்டர், ஒரு உதவியாள், ஒரு டிரைவர். உங்கள் தாலுகாவில் எத்தனை லட்சம், எத்தனை வண்டி, ராத்திரியில் ஓடுகிறதா? எங்கள் மாட்டுக்கு வேண்டியிருந்தது அந்த ராத்திரி வண்டிதான்.

இவ்வளவு சொன்னதால் நான் கல்லூரிக்கு விரோதி என்று நினைக்க வேண்டாம். கல்லூரி வந்தால் கூடவே ஒரு பெரிய ஆஸ்பத்திரி வரும். எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், ஆய்வகம், முதுகலை மாணவர்கள். சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்கு அது வரம்தான். 1985 வரை இந்த மாநிலத்தில் இருந்தது ஒரே கல்லூரி, அதுவும் சென்னையில். நாமக்கல் வந்தது சரி, டெல்டாவுக்கும் தெற்கேயும் வந்ததும் சரி. ஆனால் நமக்கு வேண்டியது அந்த ஆஸ்பத்திரி மட்டும் என்றால், கால்நடைப் பன்முக மருத்துவமனை என்று நேராகக் கேட்கலாமே. விடுதியும் வகுப்பறையும் பதினேழு துறையும் இல்லாமலே அது நடக்கும், செலவும் கொஞ்சம்தான்.

பதினேழு துறை என்று சொன்னேன், அதற்கு வருகிறேன். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016 விதிமுறைப்படி ஒரு கல்லூரிக்கு அத்தனை துறைகளுக்கும் பேராசிரியர்கள் வேண்டும், பயிற்சி மருத்துவமனை வேண்டும், பண்ணை வேண்டும். புதுக் கல்லூரிக்கு ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று கேளுங்கள். பழைய கல்லூரியிலிருந்து மாற்றல் என்றால், இங்கே ஒரு குழி மூட அங்கே ஒரு குழி தோண்டுகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை மாடு அந்த ஆஸ்பத்திரிக்கு வரும் என்றும் கேளுங்கள். நூறு பிரசவம் பார்க்காத மாணவன் வேப்பேரியில் படித்தாலும் எங்கே படித்தாலும் நம் தொழுவத்தில் வந்து கை நடுங்கத்தான் செய்வான்.

வேறு ஊரில் இதை எப்படிப் பார்த்தார்கள்? அமெரிக்காவின் டெக்சாஸில் 1916 முதல் ஒரே கால்நடை மருத்துவக் கல்லூரிதான், டெக்சாஸ் ஏ அண்ட் எம். இரண்டாவது ஒன்று எதற்கு, இருப்பதையே பெரிதாக்கலாம் என்று அங்கேயும் வருஷக்கணக்காகச் சண்டை. கடைசியில் 2021-ல் அமரில்லோவில் டெக்சாஸ் டெக் தொடங்கியது. அவர்கள் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. கிராமத்திலும் சின்ன ஊரிலும் போய் வேலை பார்க்கக்கூடிய பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்க்கிறோம், பெரிய பயிற்சி ஆஸ்பத்திரி கட்டாமல் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே நடக்கும் கிளினிக்குகளிலேயே பயிற்சி கொடுக்கிறோம் என்று வாதாடினார்கள். எட்டாவது கல்லூரி கேட்கிறவர்களிடம் எனக்கும் அந்தக் கேள்விதான்: யாரைச் சேர்ப்பீர்கள், படித்தபின் அவர்கள் எங்கே இருப்பார்கள்?

உங்கள் கணக்கில் ஆண்டுத் தேவையை விடப் படித்து வருகிறவர்கள் குறைவு, காலியிடத்துக்கு அறிவிப்பு விட்டும் விண்ணப்பம் வரவில்லை, பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு மாட்டை வண்டியில் ஏற்றிப் போகிற தூரம் தாங்காது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். இதில் நடுவில் இருப்பதை மட்டும் நன்றாகச் சோதியுங்கள். விண்ணப்பம் குவிகிறது என்றால் மற்ற இரண்டும் எப்படி இருந்தாலும் கல்லூரி அவசரம் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு மூன்றும் சேரவில்லை. அதனால் அந்த நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, காலியாக இருக்கும் மருந்தகங்களின் பெயரை வரிசையாக எழுதி, இவற்றை நிரப்பு, ராத்திரி வண்டி ஒன்று விடு, மாவட்டத் தலைநகரில் ஸ்கேனோடு பன்முக மருத்துவமனை ஒன்று கொடு என்று மூன்று வரி எழுதினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். "இதுல நம்ம மருந்தகம் பேரை முதல்ல எழுதக் கூடாதா" என்று கேட்டுவிட்டு, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.