பீர் காய்ச்சும் செம்புச் சுருளில் களிம்பு ஏறினால்

கொதித்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றைச் சட்டென்று ஆறவைக்க, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஒரு செம்புச் சுருள் வைத்திருப்பார்கள். கடையில் கேட்டால் ‘இம்மர்ஷன் சில்லர்’. பானைக்குள் அதை இறக்கி, குழாய்த் தண்ணீரை உள்ளே ஓடவிட்டால், கொதிநிலையில் இருந்த சாறு ஈஸ்ட் போடும் பதத்துக்கு, 20 டிகிரிப் பக்கம், இறங்கிவிடும். சில மாதம் கராஜில் கிடந்த சுருளை எடுத்தால் அங்கங்கே பச்சை பிடித்திருக்கும். தூக்கிப் போட வேண்டாம், கழுவிவிடலாம்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். பழுப்பும் மங்கலும் வெறும் செம்பு ஆக்சைடு. அதைச் சுரண்டி எடுத்துப் பளபளப்பாக்குவது வீண் வேலை. பச்சையும் நீலமும்தான் களிம்பு. மால்ட் சாற்றின் பி.எச். 5.2 முதல் 5.5 வரை இருக்கும், அதாவது லேசான புளிப்பு. களிம்பு அதில் கரைந்து பீருக்குள் போகும். அது நஞ்சு என்பதால் இந்த இடத்தில் சோம்பல் கூடாது.

அடுத்து வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். காய்ந்த பழைய சாறு மேலே ஒட்டியிருந்தால் அமிலம் செம்பைத் தொடாது. ஸ்பாஞ்ச் போதும். இரும்பு நார் வேண்டாம். அதன் துணுக்குகள் சுருளின் இடுக்கில் தங்கித் துருப்பிடிக்கும்.

இப்போது அமிலக் குளியல். 5 சதவீத வெள்ளை வினிகரை அப்படியே ஊற்றலாம். பெரிய வாளி நிறைய வினிகர் வாங்குவது கட்டுப்படியாகாது என்றால், 1 லிட்டர் வெந்நீருக்கு 1 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் என்ற கணக்கில் கரைத்துக்கொள்ளுங்கள். புளி போட்டுத் துலக்கினாலும் களிம்பு போகும், ஆனால் சக்கை வளையங்களுக்கு நடுவே அடைத்து உயிரை வாங்கும். சுருள் முழுவதும் மூழ்க வேண்டும். பாதி வெளியே நின்றால், காற்றும் அமிலமும் சந்திக்கும் கோட்டில் செம்பு அதிகமாக அரிக்கும். 15 நிமிடம் கழித்து நைலான் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பச்சை மிச்சமிருந்தால் இன்னொரு 15 நிமிடம். இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். பச்சை போன பிறகும் தண்ணீரில் நீலம் ஏறினால், அது உங்கள் செம்புக் குழாய் கரைவதால்தான்.

எடுத்த கையோடு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். வினிகர் ஈரத்தோடு காயவிட்டால் களிம்பு திரும்ப வரும். பிரான்சின் மோன்பெலியே ஊரில் 18ஆம் நூற்றாண்டில் செம்புத் தகடுகளைப் புளித்த ஒயின் ஆவியில் வைத்துத்தான் இந்தப் பச்சையைச் சாயமாகத் தயாரித்தார்கள். அந்தத் தொழிலை நீங்கள் கராஜில் தொடங்க வேண்டாம்.

ப்ளீச் பக்கம் போகவே கூடாது. செம்பைக் கறுப்பாக்கும், வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் செம்பை அரிக்கும்.

இம்மர்ஷன் சில்லரின் உட்புறத்தில் ஓடுவது குழாய்த் தண்ணீர்தான், அதனால் உள்ளே கறுத்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்: ஒரு முனையை விரலால் அடைத்து, சுருளைத் தண்ணீரில் மூழ்கவைத்து, மறுமுனையில் ஊதுங்கள். குமிழி வந்தால் அந்தக் குழாய் பீருக்கு ஆகாது. ‘கவுண்டர்ஃப்ளோ’ என்ற இன்னொரு வகைச் சில்லரில் சாறே செம்புக்குள் ஓடும். அதற்குச் சிட்ரிக் கரைசலைச் சின்ன பம்ப் வைத்து 15 நிமிடம் சுற்றவிட்டு, பச்சையும் கருந்துகளும் வருவது நிற்கும் வரை வெந்நீர் விட்டு அலசுங்கள்.

கடைசியாக, உள்ளே நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றி, துணியால் துடைத்து, காற்றாடத் தொங்கவிடுங்கள். கனடா மாதிரிக் குளிர்நாட்டில் இது இன்னும் முக்கியம். தங்கிய தண்ணீர் உறைந்தால் குழாய் பிளந்துவிடும். அடுத்த முறை காய்ச்சும்போது, சுத்தமான சுருளைக் கொதியின் கடைசி 15 நிமிடம் பானைக்குள் இறக்கி வைத்தால், கிருமி நீக்கத்துக்குத் தனியாக மருந்து தேவையில்லை.