கரண்ட் இல்லாத கரையில் குழந்தைகளும் நாயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் கூடாரம் அடித்து இரவு தங்கப் புறப்படுகிறவர்கள் விளக்கு, பவர் பேங்க் என்று வெளிச்சத்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். இங்கே உண்மையான பஞ்சம் நல்ல தண்ணீருக்குத்தான். கரையோர ஊர்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைவதைப் பார்த்த எவரும் ‘போகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்’ என்று கிளம்ப மாட்டார்கள். பார்த்தும் நாங்கள் கிளம்பினோம்.

உச்சிப்புளிக்கு வடக்கே, பாக் விரிகுடாவை ஒட்டித் தெரிந்தவர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஏழு வயது மகள், நான்கு வயது மகன், 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஆகியோருடன் இரண்டு இரவுகள் தங்குவதற்கு 20 லிட்டர் கேன் இரண்டு போதும் என்று நினைத்துவிட்டோம். முதல் நாள் மாலையே கடலில் ஆடிவிட்டு வந்த பிள்ளைகளை உப்புப் போகக் குளிப்பாட்டி, அதே உப்போடு கூடாரத்துக்குள் நுழையப் பார்த்த நாயையும் கழுவி முடித்தபோது ஒரு கேன் காலியாகியிருந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வெயிலில் பெரியவர்கள் எங்கள் இருவருக்கும் குடிக்க மட்டும் ஆளுக்கு நான்கு லிட்டர், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, நாய்க்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலே ஒரு நாளைக்குப் பதினான்கு லிட்டர் ஆகிறது. சமையல், பாத்திரம், கைகால் கழுவுதல் எல்லாம் சேர்ந்தால் முப்பத்தைந்து. ஆகவே இரண்டு நாளுக்கு நான்கு கேன் வேண்டும். அதில் குடிநீர்க் கேனைத் தனியே நிழலில் வைத்து, கழுவுவதற்கு யாரும் அதைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உப்பைப் போக்க ஈரத்துண்டால் துடைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

நாயின் தாகத்தை நாம் கவனிப்பதில்லை என்பது அடுத்த தவறு. அலையில் பந்தைக் கவ்வி விளையாடும் நாய் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடல்நீரையும் விழுங்குகிறது. அது வாந்தியிலும் பேதியிலும் போய் முடியும், அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் நாய் கரையோரத்தில் நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த தோப்புக்காரர், “அண்ணே, அத முதல்ல நல்ல தண்ணி குடிக்க வச்சுட்டுக் கடலுக்கு விடுங்க” என்றார். அவர் சொன்னபடி கால் மணிக்கு ஒருமுறை அழைத்துக் கிண்ணத்தை நீட்டியதும் அந்தப் பழக்கம் நின்றது. குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

மீன்பிடித் துறைகளில் கிடைக்கும் ஐஸ், சாப்பாட்டுப் பெட்டியைக் குளிர வைக்க மிகவும் நல்லது. ஆனால் அது மீனுக்காகச் செய்த ஐஸ். அதை உடைத்துக் குழந்தையின் சர்பத்தில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இடம் தேர்வதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுக்கலாம் என்ற ஆசை பலருக்கும் உண்டு. அங்கே இரவில் தங்க அனுமதி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், படகுக்காரர் யாராவது அழைத்தாலும் போகக் கூடாது. தனியார் தோப்பில், உரிமையாளரைக் கேட்டு, பக்கத்து மீனவக் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடமும் சொல்லிவிட்டுத் தங்குவதே முறை. தோப்பு என்றதும் தென்னையின் நிழலிலேயே கூடாரத்தைப் போட்டுவிடாதீர்கள்; காயும் மட்டையும் கேட்டுக்கொண்டா விழுகின்றன? படகு இழுக்கும் தடத்தையும் வலை காயும் இடத்தையும் விட்டு விலகி, பாசி ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே அடிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தை அடியோடு தவிர்க்க வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வெயிலும் காற்றும் தாங்கக்கூடியவை. ஆனால் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுதான் என்பதால் நாயை இரவில் அவிழ்த்துவிடக் கூடாது, ஏனெனில் மணலைத் தோண்டி முட்டையைத் தின்ன எந்த நாய்க்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று எந்த மாதமும் உண்டு. கடல் மணலில் இரும்பு முளை நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் கூடாரம் அசையாது.

கரண்டுக்கு வருவோம். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் இருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. 20 வாட் மேசை விசிறி எட்டு மணி நேரம் சுழல 160 வாட்-மணி வேண்டும். குழந்தைகள் புழுக்கத்தில் விழித்து அழுவது நள்ளிரவுக்குப் பிறகு ஏன் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். இன்னொரு பவர் பேங்க் வாங்குவதைவிட, இரண்டு பக்கமும் வலை வாசல் உள்ள கூடாரத்தைக் கடலையும் கரையையும் பார்த்தாற்போல் நிறுத்துவது மலிவானது. பகலில் கடற்காற்று உள்ளே வரும், பின்னிரவில் தரைக்காற்று மறுபக்கமாக வீசும். சமையலுக்கு இந்த மாவட்டத்துக் கருவேலங்கரி எளிதில் கிடைக்கும். காற்றுக்குப் பயந்து கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது மட்டும் கொலைக்குச் சமம். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

நாயைக் கரையில் மேயவிடுவது எங்களுக்கு ஏறக்குறைய விபத்தாகவே முடிந்திருக்கும். வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன்களில் பேத்தையும் கிடந்தது. வயிறு உப்பி, பந்துபோல உருண்டு, சிறு முள் சிலிர்த்துக் கிடந்த அதை நாய் மோந்து பார்க்கும்போதே மகள் சங்கிலியைப் பிடித்து இழுத்துவிட்டாள். பேத்தையின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. மனிதருக்கும் நாய்க்கும் அது ஒன்றுதான். நாயின் கழிவை மணலில் விட்டுவிடுவதும் சின்ன விஷயம் அல்ல. அதிலிருந்து வரும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலில் விளையாடும் குழந்தையின் தோலைத் துளைத்து நுழையும். புறப்படுமுன் நாய்க்குக் குடற்புழு மருந்தும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். திரும்பும்போது குழந்தையின் டயப்பரோடு நாயின் கழிவும் பையில் கட்டிக்கொண்டு வரப்பட வேண்டும்.

பாக் விரிகுடாவை உள்ளூரில் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பெண் கடலில் பெரிய அலை இல்லை என்பதால் குழந்தைக்கு ரப்பர் டியூபைக் கொடுத்து விட்டுவிடுகிறோம். கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்றுக்கு டியூபைத் தள்ளிக்கொண்டு போக அலை தேவையில்லை.

இருட்டிய பிறகு செருப்பும் டார்ச்சும் இல்லாமல் யாரும் வெளியே இறங்கக் கூடாது. சுருட்டை விரியன் இந்த வறண்ட மண்ணுக்குப் பழகிய பாம்பு, கட்டுவிரியனோ தரையில் படுத்திருப்பவரை வலியே தெரியாமல் கடித்துவிடும். கடிபட்டால் கட்டுப் போட்டு இறுக்குவதிலும் கீறுவதிலும் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். நாயைக் கூடாரக் கம்பத்தில் கட்டாதீர்கள், நாங்கள் கட்டினோம். விடியற்காலை மூன்று மணிக்குப் படகுக்குப் போன மீனவர்களைப் பார்த்து அது ஒரு துள்ளுத் துள்ளியது, கம்பம் சாய்ந்தது, கூடாரம் பிள்ளைகளின் மேல் படுத்தது. “நாயப் பிடிங்கண்ணே, நாங்கதான்” என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. முன்தினம் கிராமத்தில் சொல்லிவைத்திருந்ததால் அவர்களே நின்று கயிற்றையும் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.