பில்டை இழுத்தடித்த ஆன்டிவைரஸ்
எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் வேலைதான் பில்ட். அது ஓடும்போது, அந்த மாற்றத்தைச் செய்யும் கம்பைலரைவிட ஆன்டிவைரஸே அதிக சிபியு தின்றது. டாஸ்க் மேனேஜரில் இவ்வளவுதான் தெரியும். எந்தக் கோப்பில் மாட்டுகிறது என்பதை விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பகுதி காட்டும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உருவாகி அழிகின்றன. ரியல்டைம் ஸ்கேன் ஒவ்வொன்றையும் திறக்கும்போதே நிறுத்திச் சோதிக்கிறது. தாமதம் அங்கேதான்.

உறுதிப்படுத்த, நெட்டைத் துண்டித்து ஸ்கேனை நிறுத்தி அதே பில்டை ஓட்டினேன். வேகம் திரும்பியது. உடனே ஸ்கேனை ஆன் செய்து, பில்ட் வெளியீட்டு ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் (ஸ்கேன் தொடாமல் விடும் இடங்கள்) சேர்த்தேன். டவுன்லோட்ஸையோ முழு சி டிரைவையோ சேர்க்காதீர்கள். அதற்கு ஆன்டிவைரஸே வேண்டாமே!

முன்பிருந்த வேறொரு ஆன்டிவைரஸின் டிரைவரும் (விண்டோஸுக்குள் அடியில் ஓடும் அதன் பகுதி) மிச்சமிருந்தது. வழக்கமான அன்இன்ஸ்டாலில் அது போகவில்லை. தயாரிப்பாளரே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தபின்தான் போனது.