வைரசின் மடிப்பை மறிப்பது எப்படி: சார்வோலையில் செய்து பாருங்கள்

கொக்குவிலில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வைரஸ் கலத்துக்குள் போவதைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறினாலும், மென்சவ்வில் ஓட்டை போட்டு நுழைகிறது என்றே விடையில் எழுதுகிறார்கள். எச்.ஐ.வி. அப்படி நுழைவதில்லை. அதன் உறையும் கலத்தின் மென்சவ்வும் ஒன்றாய்க் கலக்கின்றன. அவை தாமாகக் கலக்கா. ஒரு புரதம் மடிந்து இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. இதைக் கையால் மடித்துப் பார்த்த பிள்ளை மறக்காது.

ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலத்தில் பனையின் சார்வோலைத் துண்டுகள் மூன்று எடுங்கள். அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறட்டும். காய்ந்த ஓலை மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும். தையல்கடையில் வெல்குரோ ஒன்றரை மீற்றர் சோடியாக வாங்குங்கள். ஒவ்வோர் ஓலையிலும் ஒரே பக்கத்தில், ஒரு பாதியில் கரடான பட்டி, மற்றப் பாதியில் மெத்தென்ற பட்டி. ஈர ஓலையில் பசை பிடிக்காது, நூலால் தையுங்கள். கரடான பாதியின் நுனியைக் ‘கலம்’ என்று எழுதிய அட்டையிலும், மெத்தென்ற பாதியின் நுனியை ‘வைரஸ்’ அட்டையிலும் குத்துங்கள். மூன்று ஓலையும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும், ஏனென்றால் ஜீ.பி.41 என்ற அந்தப் புரதம் மூன்று மூன்றாகவே நிற்கிறது.

இப்போது நடுவில் மடித்து அழுத்துங்கள். பட்டிகள் கவ்வ, அட்டைகள் இரண்டும் முட்டிக்கொள்ளும். உண்மையில் ஓலையின் ஒவ்வொரு பாதியும் புரதத்தின் ஒரு சுருளி, அதாவது சுருள் வடிவத் துண்டு. உள்ளே மூன்று சுருளி (கரடான பாதிகள்), வெளியே மூன்று சுருளி (மெத்தென்ற பாதிகள்) என ஆறும் ஒரே கட்டாகிவிடும்.

பிரித்து, திரும்ப நீட்டுங்கள். மெத்தென்ற பட்டியில் மூன்று தனித் துண்டுகள் வெட்டி, கரடான பாதிகளின் மேல் ஒட்டுங்கள். பிறகு மடியுங்கள். கவ்வ இடமில்லை, அட்டைகள் தள்ளியே நிற்கும். என்ஃபுவிர்ட்டைட் என்ற மருந்து செய்வது இதைத்தான். 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 36 அமினோவமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. எனக்கு இதில் மிகப் பிடித்தது, அந்தச் சங்கிலி வைரசின் வெளிச்சுருளியைப் பார்த்துச் செய்த பிரதி என்பதுதான். தன் உறுப்பின் பிரதியே வைரசை மறிக்கிறது. ஆனால் விழுங்கினால் புரதம்போலச் சமித்துவிடும். அதனால் நாளுக்கு இரண்டு ஊசி, தோலுக்கடியில். குத்திய இடம் தடித்து நோகும். நோயாளிக்கு அது சின்ன விசயமில்லை.

ஒரு தரம் முதலில் மடித்துவிட்டு, பிறகு தனித்துண்டை ஒட்டச் சொல்லுங்கள். முடியாமல் பிள்ளைகள் முழிப்பார்கள். மருந்துக்குக் கிடைப்பது, புரதம் நீண்டு கலத்தைத் தொடுவதற்கும் மடிவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே.

மாரியில் டெங்கு வரும்போது, “ரீச்சர், இதே மருந்து டெங்குக்குச் சரிவராதோ?” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சரிவராது. டெங்குவில் இந்த வேலையைச் செய்யும் ‘ஈ’ (E) என்ற புரதத்துக்கு வேறு வடிவம். அதோடு கலம் அந்த வைரசை ஒரு சிறு பைக்குள் விழுங்கி, பைக்குள் அமிலம் கூடிய பிறகே புரதம் மடிகிறது. அதையும் காட்டலாம்: அட்டைகளையும் ஓலைகளையும் ஒரு சொப்பின் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். தனித்துண்டை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, பையை அவிழ்க்காமல் ஒட்டச் சொல்லுங்கள்.