கடைமடை வாக்காளரைக் கதைநாயகராக்கித் தேர்தல் நகைச்சுவைப் படம் எழுதுவது எப்படி?

தேர்தலை வைத்து நகைச்சுவைப் படம் எழுத விரும்புகிறவர் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். கதையை மேடையிலிருந்து பார்ப்பதா, மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்திலிருந்து பார்ப்பதா? சோ எழுதி இயக்கி 1971-இல் வெளிவந்த ‘முகமது பின் துக்ளக்’ ஆட்சிப் பீடத்திலிருந்து நாட்டைப் பார்த்தது. 2021-இல் வெளிவந்த ‘மண்டேலா’, இரு தரப்பும் சமபலத்தில் நிற்கும் ஓர் ஊரில், முடிவைத் தீர்மானிக்கப்போகும் ஒற்றை ஓட்டை வைத்திருக்கும் முடிதிருத்துபவரின் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு வழியிலும் நல்ல படம் எடுக்கலாம். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வாழ்க்கையை எழுத நினைப்பவருக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். இங்கே அரசியல் என்பது வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, அறுத்த நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்களா என்ற இரண்டு கேள்விகளாகவே வீட்டுக்குள் நுழைகிறது.

அடுத்து எந்தத் தேர்தல், எந்த மாதம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சட்டமன்றத் தேர்தல் பெரும்பாலும் கோடை வெயிலில் வரும். அப்போது உளுந்தும் பயறும் எடுத்து முடிந்து, ஆற்றில் மணல் தெரியும்; மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பார்களா என்பதே டீக்கடையில் பேச்சாக இருக்கும். ஆகவே தூர் வாருவதாக வாக்குறுதி தரும் வேட்பாளர், தாம் எந்த வாய்க்காலைச் சொல்கிறாரோ அதன் வறண்ட தரையிலேயே நின்று பேச முடியும். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போதோ வயலில் சம்பா நின்றது. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. பூட்டு சாவி, ஆட்டோ போன்ற சின்னங்களில் ஒன்றை ஆணையம் ஒதுக்கும். சித்தப்பாவும் மாமாவும் எதிரெதிரே நிற்கும் தேர்தல் அதுதான். ஒரு வாக்காளர் நான்கு பதவிகளுக்காக வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு நிறச் சீட்டுகளைப் பெற்று, நான்கையும் முத்திரையிட்டு மடிக்க வேண்டும். நான்கு சீட்டுக்கும் நான்கு உறவினருக்கு வாக்குக் கொடுத்துவிட்ட ஒருவர் மறைப்புக்குப் பின்னால் படும் பாடு, மிகைப்படுத்தாமலே ஒரு முழுக் காட்சியாகும். முதல் படம் எழுதுகிறவர் ஊராட்சித் தேர்தலை எடுத்துக்கொள்வதே நல்லது.

நடைமுறையைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதில் சோம்பல் கூடாது. சட்டமன்றத் தேர்தலாக இருந்தால், ஓட்டுப் போட்டபின் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரிந்து பெட்டிக்குள் விழும். வாக்குப்பதிவு தொடங்கும் முன் முகவர்கள் எதிரில் குறைந்தது ஐம்பது மாதிரி ஓட்டுகள் பதிவு செய்து காட்டப்படும். பிரசாரம், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே ஓய்ந்துவிட வேண்டும். ஒலிபெருக்கி நின்றுபோன அந்த இரண்டு இரவுகளில்தான் ஊர் உண்மையில் பேசத் தொடங்குகிறது. இத்தகைய விதி ஒவ்வொன்றும் ஒரு நகைச்சுவைக்கு இடம் தருகிறது. விதியைத் தவறாகக் காட்டினால், சாவடியில் உட்கார்ந்து பழகிய ஒரு முகவர்கூட உங்கள் படத்தை நம்பமாட்டார்.

பணம் கொடுக்கும் காட்சிதான் எல்லாவற்றிலும் கடினமானது. வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக வந்த புகார்களால், தஞ்சாவூர் தொகுதியில் 2016 மே மாதம் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு, பின் அறிவிக்கையே ரத்தாகி, நவம்பர் 19-இல்தான் நடந்தது. எனவே இந்தக் காவிரிப் படுகையில் யாரும் இதைக் கற்பனை என்று சொல்லப் போவதில்லை. ஆயினும் பணம் வாங்குகிறவரை ஏமாளியாகவோ குடிகாரராகவோ எழுதிவிடுவது மிக எளிது, மிகத் தவறு. ஊர்த் திருவிழாவுக்காக நான் எழுதிய குறுநாடகம் ஒன்றில் அப்படித்தான் எழுதினேன். நாடகம் முடிந்ததும், நடவுக்குப் போகும் ஓர் அம்மாள் என்னிடம் வந்து, “அந்தக் காசுல நாங்க என்ன வாங்குனோம்னு ஒரு எடத்துலயும் காட்டலியே தம்பி” என்றார். கூரைக்குத் தார்ப்பாய் வாங்கியதாக அவரே சொன்னார். அன்றிலிருந்து என் விதி இது: ஒரு பாத்திரத்தின் கையில் ரூபாய் நோட்டு வந்தால், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் காட்ட வேண்டும். அடகுக் கடை வட்டியா, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமா, தார்ப்பாயா என்று தெரிந்தவுடன் பார்வையாளரின் சிரிப்பு வாங்கியவரை விட்டு விலகி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் அந்தத் தேவையைக் கண்டுகொள்ளும் ஏற்பாட்டின் மேல் விழும். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே சட்டப்படி குற்றம் என்பதையும் மறைக்காதீர்கள். அந்த அச்சமும் கதையில் இருக்கட்டும்.

காட்சிகளை வசனத்தால் தொடங்காமல் பொருள்களால் தொடங்குங்கள். ஒன்று சொல்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் மூட்டை பிடிக்காத நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்பதால் மூன்று நாளாகக் காயவைத்துக் காயவைத்து வாரியிருக்கிறார்கள். வானம் இருட்டுகிறது, தார்ப்பாய் போதவில்லை. யாரோ ஓடிப்போய் மின்கம்பத்திலிருந்து வேட்பாளரின் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்து குவியலின் மேல் விரிக்கிறார்கள். கும்பிட்ட கைகளோடு சிரிக்கும் முகம் நெல்லின் மேல் மல்லாந்து கிடக்க, முதல் தூறல் நெற்றியில் விழுகிறது. சற்று நேரத்தில் அவருடைய கட்சிக்காரர்களே வண்டியில் வந்து நிற்கிறார்கள்: பேனரைக் கிழித்தவன் யார் என்று கேட்பதா, நனையாமல் காப்பாற்றியதற்காகத் தலைவரைப் பாராட்டிப் படம் பிடித்துப் போடுவதா? அவர்கள் தயங்கும் அந்த ஒரு நிமிடத்தை வெட்டாமல் முழுவதுமாக எழுதுங்கள்.

வசனம் குறைவாக இருக்கட்டும். வாக்காளருக்கே கடைசிச் சொல்லைக் கொடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து, “அப்பாயி, நம்ம சின்னம் பூட்டு சாவி, மறந்துடாதீங்க” என்கிறார் வேட்பாளர். “நான் மறக்க மாட்டேன் தம்பி. வாய்க்கா எந்தப் பக்கம் இருக்குன்னு நீங்க கேட்டு வச்சுக்கங்க” என்கிறார் கிழவி. இதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசினாலும் அது எழுத்தாளரின் பேச்சாகிவிடும். கட்சிகளுக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். சாதியைப் பேச்சு வழக்கின் கேலியாக்காதீர்கள். பிரசார வண்டி எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது என்பதைக் காட்டினாலே போதும்.

முடிவைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதுண்டு. நல்லவர் வெல்வதும் கெட்டவர் வெல்வதும் எதிர்பார்த்ததே. இரண்டு வேட்பாளர்கள் சம ஓட்டுப் பெற்றால் குலுக்கல் முறையில் வென்றவரைத் தீர்மானிக்கும் விதி ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஆராயுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்ன அதே முறை, ஆயிரம் ஆண்டு கடந்து ஓர் ஒன்றிய அலுவலக மேசைக்கு வந்து சேர்கிறது. கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் குடத்துக்குள் பெயர் இடத் தகுதியற்றவர்கள் என்றும் அக்கல்வெட்டு சொல்கிறது. அந்த விதியை ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எண்ணிக்கை நாளில் சத்தமாகப் படித்தால் அறைக்குள் யார் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுதி முடித்தபின், திரைத்துறை நண்பர்களிடம் கொடுப்பதற்கு முன், தை, மாசியில் கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். நெல்லோடு காத்திருப்பவர்களுக்கு அங்கே நேரம் இருக்கும். உரக்கப் படித்துக் காட்டுங்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்பதைவிட, எங்கே குறுக்கிட்டு, “அப்படி இல்லீங்க, அன்னைக்கு ராத்திரி கரண்ட் போனதுக்கு அப்புறந்தான் வந்தாங்க” என்று திருத்துகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மறுபடி எழுதுங்கள்.