பொக்கே ரோஜாவில் குல்கந்து போடாதீர்கள், அப்புறம் இன்னும் சில

ஆவாரம்பூ டீ, செம்பருத்தி சர்பத், வரப்பில் கிள்ளிய பண்ணைக்கீரை என்று ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மாடித்தோட்டம் வைத்திருக்கிற பாதிப் பேர் இப்போது பூவும் கீரையும் தேடிக் கிளம்பிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் எதையெல்லாம் சொதப்பினோமோ, அதையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். தெரியாத செடியை வாயில் வைக்காதே, கழுவிச் சாப்பிடு என்பதெல்லாம் வீட்டில் பாட்டியே சொல்லியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

பொக்கே ரோஜாவில் குல்கந்து

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எத்தனை தடவை சொன்னாலும் பிப்ரவரி 14 தாண்டியதும் யாராவது ஒருத்தர் எனக்கு ஜாடி நிறைய சிவப்பாக ஒரு போட்டோ அனுப்பி, "அக்கா, நம்ம ஓசூர் ரோஜா குல்கந்து!" என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கும் எரிச்சல் வந்துவிடுகிறது.

ஓசூர், தளி, பாகலூர் பக்கமெல்லாம் பசுமைக்குடில் ரோஜா. காதலர் தினத்துக்குப் பூ வரவேண்டும் என்று டிசம்பர் வாக்கிலேயே கணக்குப் பார்த்துக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுவார்கள். தேதி முடிந்ததும் விலை விழும். இருபது பூ கொண்ட கட்டு சல்லிசாகக் கிடைக்கும். பார்க்கவும் தாஜ்மகால் ரகம் ஒரு கறை இல்லாமல் வெல்வெட் மாதிரி இருக்கும். அந்தக் கறை இல்லாத அழகு எங்கிருந்து வந்தது என்றுதான் யாரும் யோசிப்பதில்லை. செம்பேன், இலைப்பேன், சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் எல்லாம் மூடிய குடிலுக்குள் சீக்கிரம் பரவுகிறவை, அதனால் மாற்றி மாற்றி மருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். இதில் விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் விற்பது பூச்சாடியில் வைக்கிற பூ. தக்காளிக்கும் கத்தரிக்கும் மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று மருந்து பாட்டிலின் லேபிளில் போட்டிருக்கும். தின்னாத பூவுக்கு அந்தக் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள்? காலையில் அடித்துவிட்டு மாலையில் வெட்டினாலும் பூவின் தரம் குறையாது.

போன வருடம் தெரிந்த பையன் ஒருத்தன், நல்ல ஆர்வமுள்ளவன், கட்டுக் கட்டாக வாங்கி வந்து, அஞ்செட்டிப் பக்கம் அலைந்து பிடித்த மலைத்தேனை அப்படியே அதில் ஊற்றி, பெரிய பீங்கான் ஜாடியில் வெயிலில் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கவாம். நான் குப்பைக்கூடையில் கிடந்த ரோஜா இலை ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அடிப்பக்கம் நரம்போரமாக, சொட்டு காய்ந்த வெள்ளைத் திட்டுகள்.

"உப்பு மஞ்சள் தண்ணில ரெண்டு தடவ அலசிட்டேன்க்கா."

"தம்பி, மேல ஒட்டினதுல கொஞ்சம் போகும். உள்ள ஏறினது எப்படிப் போகும்?"

இமிடாகுளோபிரிட், டைமெத்தோயேட் மாதிரி ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து பரவுகிறவை. உறிஞ்சுகிற பூச்சி அந்தச் சாற்றைக் குடித்துச் சாக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உப்பு, மஞ்சள், வினிகர் எதுவும் அங்கே வேலை செய்யாது. பையன் முகம் தொங்கிப் போனது. அவ்வளவு தேனும் குழி தோண்டி மண்ணுக்குள் போனது, எனக்கே வயிறு எரிந்தது.

சரி, மருந்தே அடிக்காத பொக்கே ரோஜா கிடைத்தால்? அப்போதும் வேண்டாம். வெட்டின பிறகு பல நாள் வாடாமல் நிற்கத் தேர்ந்தெடுத்த ரகங்கள் அவை, வாசனை பெரும்பாலும் இருக்காது, இதழும் தடிமன். சர்க்கரையில் போட்டால் சிவப்பு ரப்பர் தின்ற மாதிரி இருக்கும். குல்கந்துக்குப் பன்னீர் ரோஜாதான். அதையும் மாலைக் கடையில் வாங்காமல் வீட்டில் இரண்டு செடி வைத்துக்கொள்ளுங்கள். பனி காய்ந்த பிறகு பறித்து, ஈரம் துளியும் இல்லாத இதழை எடைக்கு எடை சர்க்கரையோடு கையால் நன்றாகப் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் மூன்று வாரம் வெயில் காட்டினால் போதும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான் ரகசியம்.

நர்சரியில் வாங்கின செடிக்கும் இதே கதைதான். தொட்டியில் குருணை மருந்து போட்டிருக்கலாம். முதல் இரண்டு மூன்று பூப்பை நான் சாமிக்கு விட்டுவிடுவேன்.

ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்

வெட்டுங்கள். அது ஒட்டுக்கு அடியில் இருக்கிற வேர்ச்செடியின் கிளை, நீங்கள் வாங்கின ரோஜா இல்லை.

மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை இல்லை

பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரை ஒடித்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது தேவைப்படாது. நகரத்திலிருந்து வருகிறவர்கள்தான் சாலையோரக் கொன்றையைப் பையில் நிரப்பிக்கொள்கிறார்கள். ஆவாரை புதர்ச்செடி, மரம் இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள், காது மடல் போல வட்டமாக இரண்டு சின்ன இலைத்துண்டுகள் தண்டை ஒட்டி நிற்கும். காய் தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும். காய் தடியாக, கறுப்பாக, நீள உருளையாகத் தொங்கினால் அது சரக்கொன்றை. அதன் காய்ச் சதை பேதி மருந்து.

செங்காந்தள்

மாநில மலர். கிழங்கிலிருந்து விதை வரை விஷம். வேலியில் பார்த்தால் ரசித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அரளி

கோயிலுக்கு மட்டும்.

கொழுகொழு கீரை

மழை விழுந்ததும் ராகி, சாமை, கொள்ளுக் கொல்லையில் பண்ணை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணை எல்லாம் தானாக வரும். ஊர்ப் பெண்கள் ஐந்தாறு வகையைக் கலந்து கிள்ளி, பருப்போடு கடைந்து களிக்கு வைத்துக்கொள்வார்கள். அவர்கள் எங்கே கிள்ளுகிறார்கள் என்று கவனியுங்கள்: மானாவாரி நிலத்தில். புதிதாக வருகிறவர்கள் நேராகப் போய் நிற்பது பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத் தக்காளித் தோட்டத்தில், ஏனென்றால் சொட்டுநீரும் உரமும் குடித்த கீரை அங்கேதான் தளதளவென்று இருக்கும். தக்காளிக்கு அடிக்கிற மருந்து அதன் மேலும்தான் விழுகிறது. களைக்கொல்லி இன்னும் மோசம், கிளைபோசேட் அடித்த களை உடனே வாடாது, சில நாள் பச்சையாகவே நிற்கும். தோட்டக்காரரிடம் "என்னைக்கு மருந்து அடிச்சீங்க?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு கழிவுநீர் கலந்து நுரைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தண்ணீர் பாயும் வாய்க்கால் கரையில் ஏன் கிள்ளக்கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முருங்கைப் பூ

மொத்தத்தையும் உலுக்கி எடுத்துவிட்டுக் காய் எங்கே என்று கேட்காதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் போவது

அஞ்செட்டி, ஜவளகிரி காடுகளில் நிறையப் பூ இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் வந்துவிட்டன. காட்டுப் பொருள் சேகரிக்கும் உரிமை 2006 வன உரிமைச் சட்டப்படி அங்கே காலங்காலமாக வாழ்கிற மக்களுக்கானது, ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிற நமக்கு இல்லை. ராகி முற்றும் பருவத்தில் யானைகள் கொல்லைக்கே இறங்கிவிடும், ஊர்க்காரர்களே பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போக யோசிப்பார்கள். ஆவாரம்பூதான் வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் எதற்கு, பெரிய சாலையை விட்டு உள்ளே எந்த மண்பாதையில் திரும்பினாலும் மேட்டு நிலத்தில் நிற்கிறது. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பறித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்.